வரியில் ஒரு பைசா ஏன் இடிக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளிலிருந்து விற்பனை விவரத்தை எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாக ரிப்போர்ட் போடும் கடைக்காரர்கள் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள்: "பில்லில் வரி 2.68 என்று இருக்கிறது, ரிப்போர்ட்டில் 2.67 வருகிறதே?"

107 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5, தலா 2.675 ரூபாய். கையால் போட்டால் 2.68. பைத்தானில் 107-ஐ 2.5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்து, இரண்டு தசமத்துக்கு 'ரவுண்ட்' கொடுத்தால் 2.67. அதே 107-ஐ நேராக 0.025-ஆல் பெருக்கினால் 2.68! கணக்கு ஒன்றுதான், எழுதிய விதம் வேறு.

கணினி 'ஃபுளோட்' எனப்படும் தசம எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. 2.675 அதில் சரியாக அடங்காது. முதல் வழியில் உள்ளே இருப்பது 2.6749999999999998 சொச்சம், இரண்டாவது வழியில் 2.675-ஐ விட இம்மி கூட. 'ரவுண்ட்' மேல் குற்றமில்லை, அதன் கைக்கு வந்த எண்ணே அப்படி.

இன்னொன்று. பைத்தான் 3-இல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2, 3.5-ஐச் செய்தால் 4. சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் போகும். பெரிய கூட்டல்களில் தொகை மேலேயே ஏறிக்கொண்டு போகாமலிருக்க இது நல்ல வழிதான். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவு, 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாயாக ஏற்றச் சொல்கிறது. கடைக்கு அதுதான் கணக்கு.

தசமத்தை வெட்டிவிடும் 'இன்ட்' பக்கமே போகாதீர்கள். 112.60-க்கு விற்றதை 113 என்று வாங்கியிருப்பீர்கள். சரக்கு திரும்பி வரும்போது −112.60-ஐ இன்ட் −112 ஆக்கிவிடும், வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் நஷ்டம். எப்போதும் கீழேயுள்ள முழு எண்ணுக்கு இறக்கும் 'ஃபுளோர்' போட்டாலோ −112.30 கூட −113 ஆகும். கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டை, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாவது தசமத்தோடு வெட்டிக்கொண்டே வந்தது. 1983 நவம்பரில் அது 524-க்கு இறங்கியிருந்தது. திருத்திப் போட்டபோது 1098! வெட்டு சின்னதுதான், ஆனால் எப்போதும் ஒரே பக்கம்.

எங்கள் மென்பொருள் தொகைகளை, நாம் எழுதும் தசமத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் 'டெசிமல்' வகையில் வைத்து, பாதி வந்தால் மேலே என்ற விதியில் ஒவ்வொரு வரித் தொகையையும் பைசாவுக்குக் கொண்டுவருகிறது. பில் மொத்தம் மட்டும் கடைசியில் ரூபாய்க்குப் போகும். வித்தியாசம் 'ரவுண்டு ஆஃப்' என்று தனியே தெரியும்.

உங்கள் ரிப்போர்ட்டில் வரியைத் திரும்பக் கணக்கிடாமல், நாங்கள் தரும் வரித் தொகையையே கூட்டுங்கள். கணக்கிட்டே ஆகவேண்டுமென்றால் டெசிமலைப் பயன்படுத்துங்கள். எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுங்கள். வெறும் 2.675 என்று கொடுத்தால் அந்தப் பழைய சொச்சமும் கூடவே உள்ளே வந்துவிடும். அப்புறமும் இடித்தால், அந்த பில் எண்ணை மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் பிரிவு