ஒட்டகத்தின் ஈரலில் ஓடும் ரத்தம்

பீகானேர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தையில் குடும்பத்தோடு வந்துவிடுவோம்.

"நோயில்லாத ஒட்டகத்துக்கு எதற்கடா ஸ்கேன்?" என்று கேட்டிருந்தாய். மாடு என்றால் எது சரி, எது கோளாறு என்று உனக்குப் பார்த்ததுமே தெரியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாம் படித்ததும் பெரும்பாலும் மாடு, எருமைதானே. ஒட்டகத்துக்குப் பித்தப்பையே கிடையாது. ஈரலின் பின்விளிம்பு கிழிந்த துணியோரம் போலப் பிளவுபட்டிருக்கும். மாட்டில் இப்படிக் கண்டால் நோய் என்றே சந்தேகப்படுவோம்; இதற்கோ அதுதான் இயல்பு.

காலை வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுவோம். ஒட்டகத்தை உட்கார வைத்து முன்னங்கால்களைக் கட்டுவோம். அதை வளர்க்கும், ராய்க்கா சமூகத்துப் பெரியவர் தலைப்பக்கம் அமர்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் இருந்தால் மயக்க மருந்தே தேவைப்படாது. வலது விலா இடுக்கில் முடி மழித்து, ஜெல் தடவி ஸ்கேன் கருவியின் ப்ரோபை வைத்தால் ஈரல் தெரியும். வெள்ளைக் கரை கட்டியது போல் சுவர் தெரிவது, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. கரை தெரியாதது, ஈரலிலிருந்து ரத்தத்தை இதயப் பக்கம் கொண்டுபோகும் கல்லீரல் சிரை.

ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளரைப் போட்டதும் வரும் சத்தத்தை நீ கேட்க வேண்டும்! ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. அதன் ஓசை பனங்காட்டில் காற்று வீசுவதுபோல ஒரே சீராக இருக்கும். கல்லீரல் சிரை இதயத்துக்குப் பக்கம் என்பதால், துடிப்புக்கேற்ப அதன் அலை ஏறி இறங்கும், நொடிப்பொழுது திரும்பியும் ஓடும். மூச்சைப் பிடி என்று ஒட்டகத்திடம் சொல்ல முடியாது. இரண்டு மூச்சுக்கு நடுவே காத்திருந்துதான் அளக்கிறோம். ஸ்கேனின் ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் வேகக் கணக்கு தப்பிவிடும், அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

நாளைக்கு ஈரல் நாரேறிய ஒட்டகம் ஒன்று வந்தால், ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வேன்? அதற்குத்தான் நோயில்லாத ஒட்டகத்தின் இந்த அளவுகள். 2012-இல் நாடு முழுவதும் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். இருப்பதையாவது சரியாகப் பார்க்கத் தெரிய வேண்டுமடா.

அடுத்து, தாகத்தோடு வரும் ஒட்டகம் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் போர்ட்டல் சிரையைப் பார்க்க ஆசை.

உன் பசுக்களின் டாப்ளர் படங்கள் இருந்தால் அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்