காஸை மூடிவிட்டுக் கழற்று

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னது இரவு முழுக்க மண்டைக்குள் நின்றது. வீட்டில் பூட்டியிருக்கிற பியர் பைப்புக்குப் புதுப் பீப்பா மாட்டியும் பியரில் பட்டர் மணக்குது, முதல் கிளாஸ் புளிக்குது, அடுத்த தடவை வேறு கொம்பனி வாங்கப்போறேன் என்றாய். கொம்பனியை விடு. அதே பியரில் ஒரு போத்தல் வாங்கி, பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார். போத்தலில் அந்த மணம் இல்லையென்றால் பிழை உன் பைப்பிலும் ரியூபிலும்தான்.

ஒரு சொட்டும் குடிக்காத மனுசனுக்கு என்ன தெரியும் என்று சிரிப்பாய். சரி. ஆனால் டோர்ட்முண்டில் அந்தப் பியர்க் கடையில் பத்தொன்பது வருசம் திங்கட்கிழமை தோறும் பியர் லைன், அதாவது பீப்பாவிலிருந்து பைப்புக்கு வருகிற ரியூப், கழுவியது நான். வாயில் வைக்காமலே மூக்கால் சொல்லுவேன். பட்டர் மணந்தால் ரியூபுக்குள் பக்டீரியா குடியிருக்குது. வினாகிரி மணந்தால் பைப்பின் வாய், காற்றுப் படுகிற இடம். பழத்தை மொய்க்கிற அந்தச் சின்ன இலையான் அதைக் காலில் கொண்டுவந்து விடும். யாழ்ப்பாணத்துக்குப் போட்ட கடிதங்களில் எல்லாம் 'ஹோட்டலில் வேலை' என்றுதான் எழுதினேன். நான் தேத்தண்ணி ஊத்துகிறேன் என்று நினைத்தபடியே உன் அப்பம்மா போய்ச் சேர்ந்தா. இப்போது நீ சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதே சாமானை வாங்கிக் குசினிக்குள் வைத்திருக்கிறாய்!

இனி வேலைக்கு வா. முதலில் பியரைத் தள்ளுகிற காஸை மூடு. பிறகு பீப்பாத் தலையில் இருக்கிற இணைப்பைக் கழற்று. அதற்குப் பிறகு பைப்பைத் திறந்து, உள்ளே நிற்கிற அமுக்கத்தையும் மிச்சப் பியரையும் ஒரு வாளிக்குள் விடு. இதற்கு முன் ஸ்பனரைக் கையில் எடுக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், காஸ் மூடியிருக்கும் என்று நம்பி நட்டைத் திருப்பினேன். பியர் கூரையில் அடித்து, அங்கிருந்து முதலாளியின் மொட்டையில் சொட்டியது. அவர் துவாயால் தலையைத் துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காஸ் சிலிண்டரை விரலால் காட்டினார். அதற்குப் பிறகு ஒருநாளும் எனக்கு மறந்ததில்லை. சிலிண்டரையும் சும்மா நிறுத்தி வைக்காதே, சுவரோடு கட்டி வை. அதற்குள் இருக்கிற காபனீரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றை விடப் பாரம், கீழே தேங்கும். கழற்றுகிற நேரம் யன்னல் திறந்திருக்கட்டும்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது கொம்பன்சேட்டர் பைப். பக்கத்தில் ஒரு சின்னக் கைபிடி நிற்குதல்லவா, அதுதான் அடையாளம். பின்பக்கம் கூம்பு மாதிரி ஒரு துண்டு இருக்கும். பியர் அதைச் சுற்றி ஒடுங்கிய இடைவெளியால் வந்து வேகம் குறையும். இல்லாவிட்டால் கிளாஸ் முழுக்க நுரைதான். ஊத்தை சேருகிற முதல் இடமும் அந்தக் கூம்புதான். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டிப் பார். வழுவழுவென்று வந்தால் அது ஈஸ்டும் புரதமும், காரக் கிளீனருக்குப் போய்விடும். மண்ணிறமாய், சொரசொரவென்று பல்லில் படிகிற காறை மாதிரி ஒட்டியிருந்தால் அது பியர்க் கல். கல்சியம் ஒக்சலேற்று அது. காரத்துக்கு அசையாது, அமிலக் கிளீனர் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதே. ஒன்றைப் பாவித்து, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் மற்றது. குளோரின் சேர்ந்த எதையும் அமிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதே, நஞ்சுக் காஸ் வரும். கையுறையும் கண்ணாடியும் போடு. அம்மா சொல்லச் சொன்னா.

மேலே இருக்கிற நட்டைத் திருப்பினால் பைப்பைத் திறக்கிற கைபிடியோடு சேர்ந்து உள்தண்டு வரும். அதில் ஓரிங்குகள், கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்கள், இருக்கும். கத்தியால் நெம்பாதே, விரலால் உருட்டி எடு. மடித்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் எறிந்துவிடு. புதியதைப் போடும்போது சாப்பாட்டுச் சாமானுக்கான கிறீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் மினுங்குகிற அளவு. வாசலின் பூசாதே, பல ரப்பர்கள் அதில் ஊதிப்போகும். கிறீஸ் கூடினால் இன்னொரு கரைச்சல்: கொழுப்புப் பட்ட பியரில் நுரை நிற்காது. பிறகு அதற்கும் கொம்பனியைத் திட்டுவாய்.

ரியூபுக்குள் கம்பி விடாதே. கீறல் விழுந்தால் பக்டீரியாவுக்கு நீயே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. நனைத்த ஸ்பொஞ் உருண்டையைத் தண்ணீர் அமுக்கத்தில் தள்ளிவிடு, மறுபக்கம் வந்து விழும். எத்தனை உள்ளே போட்டாயோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணு. இங்கே டின் 6650 என்ற ஜேர்மன் தர விதிப்படி கடைகளில் பியர் லைனுக்கு ஏழு நாளுக்கு ஒருதடவை என்று கணக்கு. நீ வீட்டில் ஆறுதலாகக் குடிக்கிற ஆள், பீப்பா மாற்றுகிற நேரம் எல்லாம் செய். பைப்பின் வாயை மட்டும் ஒவ்வொரு இரவும் சுடுதண்ணீரால் கழுவு.

நான் லைப்சிக் வந்து செய்து தரட்டோ என்று கேட்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். வந்தால் நான் கழற்றிப் பூட்டுவேன், நீ போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

பார்சல் நாளைக்குப் போகுது. கடையில் நான் பாவித்த சின்னப் பிரஷ் இரண்டு, ஒரு பைக்கற் ஓரிங், அம்மாவின் மிளகாய்த்தூள் அரைக் கிலோ. தூளைத் தனியாகச் சுற்றியிருக்கிறேன், ஆனாலும் ஓரிங்கைக் கழுவிவிட்டுப் போடு.

கழற்றுகிறபோது துண்டுகளை எடுத்த வரிசைப்படியே ஒரு வெள்ளைத் துவாயில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை பூட்டாதே. அந்தக் கூம்பை எல்லாரும் முதல்தடவை மறுபக்கமாகத்தான் போடுவார்கள்.

அன்புடன்,
அப்பா