பைத்தானுக்கு முன்னாடி ஃபோல்டர் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கல்விப் பக்கத்துல பைத்தான்ங்கிற புரோகிராம் மொழி படிங்க, டேட்டா சயின்ஸ் படிங்கனு அடிக்கடி எழுதுறீங்க, சந்தோஷம்தான், ஆனா அதைப் படிச்சுட்டு ஆசையா உக்கார்ற பிள்ளைங்க முதல்ல முட்டிக்கிற இடம் எதுன்னு யாருமே எழுத மாட்டேங்கறாங்க. லூப்பும் இல்ல ஃபங்ஷனும் இல்ல, ஒரு ஃபைலைத் திறக்குறதுதாங்க. நான் ஸ்கூல் பக்கத்துல பிரவுசிங் சென்டர் நடத்துறேன். பிளஸ் டூ பிராக்டிகல் நெருங்குறப்போ கடைக்கு வர்ற பிள்ளைங்க திரும்பத் திரும்பக் காட்டுறது ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர், எர்னோ 2 (எர்னோன்னா எரர் நம்பர்). "அண்ணா, ஃபைல் இந்தா கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைங்குதே"ம்பாங்க.

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பைத்தானும் சிஎஸ்வி ஃபைலும்னு தனிப் பாடமே வெச்சிருக்காங்க (கமா போட்டுப் பிரிச்ச பட்டியல் ஃபைல்தான் சிஎஸ்வி), பிள்ளைங்களும் புரோகிராமை ஒரு எழுத்து விடாம அடிச்சுருவாங்க. ஆனா ஃபைல் பேரை மட்டும் குடுத்தா பைத்தான் அதை எந்த ஃபோல்டர்ல தேடும்னு கேட்டா முழிப்பாங்க. மேலத்தெரு 12ஆம் நம்பர்னு மட்டும் சொன்னா எந்த ஊரு மேலத்தெருன்னு கேக்க மாட்டோமா, அதே கதைதான். புரோகிராம் எங்க சேவ் ஆகியிருக்கோ அங்க தேடும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஓட்டுற நேரத்துல பைத்தான் எந்த ஃபோல்டர்ல நிக்குதோ அங்கதான் தேடும். இதுல ஒரு கூத்து என்னன்னா பைத்தானோடவே வர்ற ஐடில் எடிட்டர்ல ரன் பண்ணா அதுவே புரோகிராம் இருக்கிற ஃபோல்டருக்குப் போய் நின்னுக்கும், அதனால ஸ்கூல் லேப்ல எல்லாம் ஒழுங்கா ஓடும், வீட்டுக்கு வந்து அக்காவோட லேப்டாப்ல விஎஸ் கோட்ங்கிற எடிட்டர்ல அதே புரோகிராமை ஓட்டுனா அது பொதுவா நாம திறந்து வெச்ச பெரிய ஃபோல்டர்லயே நிக்கும், உள்ள இருக்கிற குட்டி ஃபோல்டருக்குப் போகாது, எரர் வந்துரும். பையன் லேப்டாப்பைத் திட்டுவான், பைத்தானை அழிச்சுட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுவான், ஒரு பிரயோஜனமும் இருக்காது. பைத்தானோட வர்ற ஓஎஸ் மாட்யூல்ல கெட்சிடபிள்யூடினு (getcwd) ஒரு கட்டளை இருக்கு, அதை பிரிண்ட் பண்ணிப் பாத்தா எங்க நிக்குதுன்னு ஒரே வரியில சொல்லிரும். அடுத்த வரியில அதே மாட்யூல்ல இருக்கிற லிஸ்ட்டிர் (listdir) போட்டா அந்த ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு காட்டிரும். என் கடைக்கு வர்ற கேஸ்ல முக்காவாசி இந்த ரெண்டு வரியிலயே முடிஞ்சுரும்ங்க.

லிஸ்ட்டிர் போட்டாத்தான் இன்னொரு திருட்டும் வெளிய வரும். விண்டோஸ் ஃபைல் பேரோட கடைசித் துண்டை மறைச்சு வைக்குது, இது யாருக்கு நல்லதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. பிள்ளை நோட்பேட்ல மார்க் லிஸ்ட்டை அடிச்சு மார்க்ஸ் டாட் டிஎக்ஸ்டினு பேர் வெச்சிருக்கும், ஏற்கெனவே இருக்கிற டெக்ஸ்ட் ஃபைலுக்கு ரைட் கிளிக் பண்ணிப் பேர் மாத்துறப்போ டாட் டிஎக்ஸ்டியையும் சேத்து அடிச்சிருந்தா அது மார்க்ஸ் டாட் டிஎக்ஸ்டி டாட் டிஎக்ஸ்டி ஆயிருக்கும், ஸ்கிரீன்ல ஒண்ணுதான் தெரியும். எக்ஸ்ப்ளோரர்ல வியூ பக்கம் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை டிக் பண்ணா தீந்துச்சு. இதை ஏன் ஒவ்வொரு லேப்லயும் முதல் நாளே பண்ணி வைக்கக் கூடாது?

அப்புறம் பேக்ஸ்லாஷ். ஃபைல் அட்ரஸ்ல ஃபோல்டர் பேர்களைப் பிரிக்கிற இந்தச் சாய்வுக் கோட்டை ரெண்டு ரெண்டா போட்டிருந்தா நம்ம ஆளுங்க அச்சுப் பிழைன்னு நினைச்சு ஒண்ணை எடுத்துருவாங்க. ஒத்தையா இருந்தா பைத்தானுக்கு பேக்ஸ்லாஷ் என்-னா அடுத்த வரி, பேக்ஸ்லாஷ் டி-னா டேப். நியூ-னு ஒரு ஃபோல்டர், உள்ள டெஸ்ட்-னு ஒரு ஃபைல்னு வெச்சா அட்ரஸே ரெண்டா உடைஞ்சு எர்னோ 22 வரும். சி டிரைவ்ல யூசர்ஸ்னு ஆரம்பிச்சா இன்னும் மோசம், புரோகிராம் ஓடவே ஓடாது, எழுதின விதமே தப்புங்கிற சின்டாக்ஸ் எரர்தான். கோட்டேஷனுக்கு முன்னாடி ஒரு ஆர் எழுத்துப் போடலாம், இல்லைன்னா சாதா ஸ்லாஷே போடலாம், விண்டோஸும் ஒத்துக்கும். இன்னும் உறுதியா வேணும்னா பாத்லிப்ங்கிற (pathlib) மாட்யூல் இருக்கு, பைத்தான் 3.4ல வந்தது, புரோகிராம் இருக்கிற ஃபோல்டரைப் பிடிச்சு அங்கிருந்து அட்ரஸ் கட்டிக்கலாம், எங்க நின்னு ஓட்டுனாலும் கவலை இல்ல.

பெர்மிஷன் எரர் வேற ரகம். எர்னோ 13னு வந்ததும் யூடியூப்ல யாரோ சொன்னாங்கன்னு அட்மினா ரன் பண்றாங்க, லினக்ஸ்னா சிஹெச்மாட் 777 போட்டு யாரு வேணா எழுதலாம்னு திறந்து விடுறாங்க. தயவுசெஞ்சு வேணாம். நான் பாத்த வரைக்கும் காரணம் ரொம்பச் சின்னது, அந்த சிஎஸ்வியை எக்ஸெல்ல திறந்து வெச்சுட்டே புரோகிராமை எழுத விட்டிருப்பாங்க, எக்ஸெலை மூடுனா போதும். இல்லைன்னா ஃபைல் பேருக்குப் பதிலா ஃபோல்டர் பேரைக் குடுத்திருப்பாங்க. லினக்ஸ்ல அப்படிக் குடுத்தா இது டைரக்டரிப்பான்னு நேரடியாச் சொல்லும், விண்டோஸ்ல பெர்மிஷன் இல்லைன்னு சொல்லிச் சுத்த விடும். அதே மாதிரி எழுதுறதுக்கு டபிள்யூ மோட்ல திறந்தா அந்த நொடியே பழசு காலி, அப்புறம் ஃபைல் இருக்கு டேட்டா இல்லைன்னு அழுது பிரயோஜனம் இல்ல, பின்னாடி சேக்கணும்னா ஏ மோட்.

நம்ம பிள்ளைங்களுக்குன்னே ஒரு தனித் தலைவலியும் இருக்கு, அது தமிழ்ப் பேர். நம்ம ஊர் விண்டோஸ்ல பைத்தான் ஃபைலைத் திறக்குறப்போ பெரும்பாலும் 1252ங்கிற பழைய எழுத்துப் பட்டியலை வெச்சுத்தான் படிக்கும், ஆனா ஃபைல் சேவ் ஆகியிருக்கிறது எல்லா மொழி எழுத்துக்கும் இடம் இருக்கிற யூடிஎஃப் 8ல. லிஸ்ட்ல கமலா, மாலானு மட்டும் இருந்தா எரர் வராது, கிறுக்கல் கிறுக்கலா பிரிண்ட் ஆகும். முருகன் வந்துட்டா அங்கேயே நின்னுரும், ஏன்னா உகரக் குறிக்கும் மெய்யெழுத்துப் புள்ளிக்கும் யூடிஎஃப் 8ல வர்ற பைட் அந்தப் பழைய பட்டியல்ல கிடையவே கிடையாது. புள்ளி இல்லாம தமிழ்ல எத்தனை வரி எழுத முடியும் சொல்லுங்க! ஃபைலைத் திறக்குற ஓபன் வரியில என்கோடிங் யூடிஎஃப் 8னு சேத்துட்டா சரியாயிரும். பைத்தான் 3.15ல இருந்து அதுதான் டிஃபால்ட்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க, ஆனா ஸ்கூல் லேப் கம்ப்யூட்டருக்கு அது வந்து சேர்றதுக்குள்ள எத்தனை பேட்ச் பாஸாகிப் போகுமோ.

இந்தப் பிள்ளைங்க மேல தப்பு சொல்ல மாட்டேன் சார். இவங்க போன்ல வளந்தவங்க, போட்டோ எடுத்தா கேலரியில வரும், எந்த ஃபோல்டர்ல உக்காந்திருக்குன்னு தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்ல. லேப்டாப் இல்லாம போன்லயே பைத்தான் ஆப் போட்டுப் படிக்கிறவங்க பாடு இன்னும் கஷ்டம், ஆண்ட்ராய்டு 11ல இருந்து ஒரு ஆப் இஷ்டத்துக்கு மத்த ஃபோல்டர்ல கை வைக்க முடியாது, டவுன்லோட்ஸ்ல இருக்கிற ஃபைலை புரோகிராம் பாக்க முடியலைன்னா அதுக்குக் காரணம் அவங்க கோட் கூட இல்ல. டவுன்லோட்ஸ்ல ஒரு ஃபைலைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு எடுத்த எடுப்புல சிஎஸ்வி ரீடர் எழுதச் சொல்றோம், அதுவும் மனப்பாடமா அடிச்சு ரெக்கார்ட் நோட்டுல ஒட்டிருது.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். கம்ப்யூட்டர் டீச்சர்ங்க பிராக்டிகல் வகுப்புல முதல் பீரியட்ல கோடே வேணாம், ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதுக்குள்ள இன்னொண்ணு உருவாக்கி, ஒரு ஃபைலை அங்க வெச்சு, அதோட முழு அட்ரஸைப் பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. அடுத்த பீரியட்ல வேணும்னே அந்த ஃபைல் பேரை மாத்தி வெச்சு எரர் வர வையுங்க, கடைசி வரியைச் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, எந்த ஃபைலைத் தேடுச்சுன்னு அந்த வரியிலயே இருக்கும். ஆசிரியர் சார், நீங்க அடுத்த தடவை பைத்தான் கட்டுரை போடுறப்போ சம்பளம் எத்தனை லட்சம்னு போடுற கட்டத்துல பாதியைக் குறைச்சு, ஒரு எரர் மெசேஜை முழுசா அச்சடிச்சு, எந்த வரியை முதல்ல பாக்கணும்னு அம்புக்குறி போட்டுக் காட்டுங்க. அந்தப் பக்கத்தை வெட்டி என் கடைச் சுவத்துல ஒட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர்
திண்டுக்கல் மாவட்டம்