எழுத்து காய்த்த மரத்தைக் காட்டியவர்களுக்கு

அன்புள்ள சோங்ஜு ஊராருக்கு,

கொரியாவிலிருந்து ஊர் திரும்பி இரண்டு வாரமாகிறது. உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நன்றியை என் மொழியில் சொன்னால்தான் மனசு ஆறும். கொரிய மொழி தெரிந்த தமிழர் யாராவது படித்துச் சொல்லுங்கள்.

முதலில் சியோல் பேருந்து ஓட்டுநருக்கு. நான் மறந்துவிட்டு இறங்கிய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தீர்கள். உள்ளே இருந்ததைப் பார்த்து ஏதோ பழைய இரும்பு என்று நினைத்திருப்பீர்கள். அது அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த என் அப்பாவின் ஸ்டிக். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அதில்தான் வரி வரியாகக் கோப்பார்.

அப்புறம், பழைய அச்சுக்கலை அருங்காட்சியகத்து அக்காவுக்கு. ஸ்டிக்கைக் காட்டி "அப்பா" என்றேன். உங்கள் மொழியிலும் அப்பா அப்பாதான். கைப்பேசி மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. மூடும் நேரம் நெருங்கியும் எழுத்து வார்க்கும் முறையை முதலிலிருந்து காட்டினீர்கள். தேன்மெழுகில் எழுத்தைச் செதுக்கி, மெழுகுக் கிளையில் ஒட்டி, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால் கிளை கிளையாக எழுத்து காய்த்துத் தொங்குகிறது! எங்கள் சுவாமிமலையில் சிலை வார்ப்பதும் இப்படித்தான் என்றதும் கைதட்டினீர்கள்.

1377இல் உங்கள் ஊர் ஹுங்தோக் கோயிலில் ஜிக்ஜி என்ற பௌத்த நூல் உலோக எழுத்தில் அச்சானதும், அது ஐரோப்பாவில் அப்படி அச்சான குட்டன்பெர்க் பைபிளுக்கு 78 வருஷம் மூத்தது என்பதும், 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியதும் படித்துவிட்டு வந்த சங்கதிகள். நகலில் நீங்கள் விரல் வைத்துக் காட்டிய தலைகீழ் எழுத்துதான் எனக்குப் புதுசு. அன்றைக்கும் யாரோ ஒருவர் அவசரத்தில் கோத்திருக்கிறார். அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்; இதே தப்புக்கு அவர் வாங்காத திட்டா!

மூலப் பிரதி பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தபோது அதன் அருமையைக் கண்டுபிடித்து, 1972இல் உலகுக்குத் தெரியவைத்த பார்க் பியோங்-சொன் அம்மையாருக்கும் நன்றி. 2011இல் காலமாகிவிட்டார்.

ஜிக்ஜியின் கடைசிப் பக்கத்தில், பொருள் கொடுத்து உதவிய பிக்குணி மியோதோக்கின் பெயரை மறக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். நானோ உங்கள் இருவர் பெயரையும் கேட்காமல் வந்துவிட்டேன். ஓட்டுநர் என்றும் அக்கா என்றும்தான் எழுத முடிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.