பழனிசாமி உயிரோடுதான் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் அலசி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றிச் சென்ற வாரம் நம் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சென்னிமலை வட்டாரத்தில் 1990 முதல் 2021 வரை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். அந்த விவரங்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊரில் நான்கு பழனிசாமிகள் இருந்தார்கள். எல்லாருக்கும் வயது அறுபதுக்கு மேல். இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றுதான். பழனிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்குப் பழனிசாமி என்று பெயர் வைக்கும் சீமையில் இது சாதாரணம். ஊருக்குள் ஒரு குழப்பமும் கிடையாது. ஒருவர் கரட்டுத்தோட்டத்தார், ஒருவர் தறிக்காரர், இன்னொருவர் மேலவளவுக்காரர் என்று சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். கணினிக்கு அது தெரியாதே.

போன வருஷம் தறிக்காரர் இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து, சர்க்கரை மாத்திரை வாங்கப் போன கரட்டுத்தோட்டத்தாரிடம், "இந்தப் பேர்ல இருக்கறவர் இறந்துட்டதா காட்டுதுங்களே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண் திரையில் வந்ததைத்தான் சொன்னாள். அவர் நேராக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "ஏனுங் நர்சம்மா, எம்பட பேரை எடுத்துப்போட்டாங்களாமா, நா இன்னும் இருக்கறனுங்களே" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, கடையில் காசு கொடுத்து வாங்கி, இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். காலில் ஒரு புண் ஆறாமலே கிடந்தது. பதிவைத் திருத்த ஆறு வாரம் அலைந்தோம்.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்பார்கள். பெரும்பாலும் தீரும், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். காகிதப் பதிவேட்டுக் காலத்தில், வளைகாப்பு முடிந்து காங்கேயத்துக்கோ தாராபுரத்துக்கோ தாய் வீடு போகும் பெண் என் கையை விட்டுப் போய்விடுவாள். அவளுக்கு ரத்தசோகை இருப்பதும், முதல் பிரசவம் ஆபரேஷனில் ஆனதும் அந்த ஊர்ச் செவிலியருக்குத் தெரியாது. அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனால் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணினியில் பதிவு செய்யும் பிக்மி என்ற அரசு முறை வந்த பிறகு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆர்.சி.எச். எண் என்று 12 இலக்கத்தில் ஒரு தாய்-சேய் நலப் பதிவு எண். அதைத் தட்டினால் அவள் போகும் ஊரிலும் விவரம் கிடைக்கும். ஒரு பெண் பிரசவத்துக்குப் போய் நல்லபடியாகத் திரும்பும் வரை அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கும் எங்களுக்கு. அந்தப் பயத்தைப் பாதியாகக் குறைத்த எண் அது.

ஆனால் எண் எதற்கு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மத்திய அரசு கொடுக்கும் 14 இலக்க ஆபா சுகாதாரக் கணக்கு எண்ணை வாங்கி வைத்திருக்கும் எங்கள் தெருப் பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். பாதிப்பேர் அதைக் காப்பீட்டு அட்டை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய மருத்துவ விவரங்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நம் சம்மதத்தோடு கொண்டுபோகத்தான் அந்த எண் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். என் அண்ணன் மகள் கோவையில் புள்ளியியல் படிக்கிறாள். ரத்த அழுத்தம் பார்த்த என் பழைய குறிப்பேடு ஒன்றிலிருந்து, பெயர் எதுவும் இல்லாமல் எண்களை மட்டும் எழுதி அவளிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில், "அத்தை, இதுல நெறைய அளவு நிஜமா பார்த்ததா?" என்று கேட்டாள். பாதரசக் கருவியில் இரண்டு அளவுக்கு ஒரு கோடு. ஒழுங்காகப் பார்த்தால் 0, 2, 4, 6, 8 எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வர வேண்டும். ஐந்தில் ஒன்றுதான் சுழியில் முடியும். என் குறிப்பேட்டிலோ நான்கில் மூன்று சுழியில் முடிந்திருந்தது. 120/80 வரிசையாக இறங்கிக்கொண்டே போனது.

ஒரே நாளில் தடுப்பூசி, கர்ப்பிணி பரிசோதனை, வீடு பார்ப்பது எல்லாம் முடித்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதே விவரத்தை மூன்று பதிவேட்டிலும் அப்புறம் கணினியிலும் ஏற்ற வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் இத்தனை பேருக்குப் பார்த்தாயா என்றுதான் மேலிருந்து கேள்வி வந்தது. சரியாகப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. 136 இருந்தவர் 140 ஆகி நோயாளிப் பட்டியலில் ஏறியிருப்பார். பார்க்காமலே 120/80 எழுதப்பட்ட யாரோ ஒருவர், பக்கவாதம் வரும் வரை தனக்குப் பிரஷர் இருப்பது தெரியாமலே இருந்திருப்பார். அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. அண்ணன் மகள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை, எங்கள் கணக்கை வாங்கிக்கொண்டவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். "அம்மா, உங்களுக்கு வேலை அதிகமா, கருவி பழுதா?" என்று ஒரு போன் செய்திருந்தால் போதும்.

குறைவாகக் கேட்டு, கேட்டதை உடனே பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் ஐந்தே விஷயம் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா. ஆபத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எக்ஸ்ரேகூட வேண்டியதில்லை, எந்தச் செவிலியரும் பார்த்துவிடலாம். எழுதுகிற எண்ணுக்கும் கிடைக்கிற படுக்கைக்கும் தொடர்பு இருப்பது அவளுக்குக் கண்முன்னே தெரியும். அப்படித் தெரிந்தால் யாரும் கற்பனையாக எழுத மாட்டார்கள்.

நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதிலாகத் திருப்பூர் சாயக்கழிவு தேங்கியதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் தண்ணியாலதானுங்களா எங்க ஊட்ல கேன்சர் வந்துது?" என்று என்னிடம் கேட்ட பெண்களுக்கு நான் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனம் மாநிலம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு நடத்தி வருகிறது. நல்ல வேலை. ஆனால் கோவையில் மகன் வீட்டில் தங்கி வைத்தியம் பார்ப்பவர் மகன் வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார். இருபது வருஷம் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார் என்பதற்குப் படிவத்தில் இடம் இருக்காது. புற்றுநோய் வருவதற்கு வருஷக்கணக்கு ஆகும். பழைய ஊர் பதிவாகாமல் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் எங்கள் கேள்விக்குப் பதில் வராது.

ரகசியம் காப்பதையும் சொல்லியாக வேண்டும். சின்ன ஊரில் ஒரு பெண்ணின் வயதும் தெருவும் தெரிந்தால் பெயரே தேவையில்லை, யார் என்று சொல்லிவிடுவார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கு விவரம் கொடுக்கும்போது ஊரையும் வயதையும் எவ்வளவு தூரம் பொதுவாக்கிக் கொடுப்பது என்பதைச் செவிலியர் பயிற்சியிலேயே சொல்லித்தர வேண்டும்.

நான் கேட்பது இரண்டே விஷயம். துணை சுகாதார நிலையத்திலிருந்து மேலே போகும் கணக்கு, மாதம் ஒரு தாளாக அங்கேயே திரும்பி வர வேண்டும்: இந்த ஊரில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, யார் இரண்டு மாதமாக மாத்திரை வாங்கவில்லை, எந்த எண்களில் சந்தேகம் இருக்கிறது என்று. 31 வருஷத்தில் அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்ததே இல்லை.

இன்னொன்று, முகவரி எழுதும் இடத்தில் தோட்டத்துப் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். நம் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் தெருவிலோ கதவு எண்ணிலோ இல்லை, தோட்டத்துச் சாளையில்தான் இருக்கின்றன. பதிவைத் திருத்தப் போன அன்று கரட்டுத்தோட்டத்தார் தன் தோட்டத்துப் பெயரை மூன்று தடவை சொன்னார். அதைத் தட்ட அந்தத் திரையில் இடம் இல்லை.

தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.