என் அம்மா கைநாட்டு அல்ல

மருத்துவமனையின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மூணாறிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் மூளை ஸ்கேன் விஷயமாக இரண்டு முறை நேரில் வந்து சொல்லிவிட்டேன், அதனால் முழுக்கதை உங்களுக்குத் தெரியும். ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் இப்போது பேச வேண்டும்.

மறதிக்கு வைத்தியம் பார்க்கத்தான் அம்மாவை மலையிறக்கிக் கூட்டி வந்தோம். தாலியைக் கழற்றச் சொன்னதற்கே அழுதுவிட்டார். நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியை சோப்பு போட்டு எடுத்தேன். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வழக்கமான எம்.ஆர்.ஐ. முடிந்ததும் ஆய்வுக்கென்று இன்னொரு ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, ‘ஸ்டடிக்கு அடுத்த ஸ்கேன் எடுக்க வரணும்’ என்று போன் வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

ஆய்வுக்கு அம்மா சம்மதித்ததாகச் சொல்லும் ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம், மலையாளத்தில் இரண்டு. அடியில் மை அப்பிய ஒரு பெருவிரல் ரேகை. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் யாரென்று தெரியவில்லை.

என் அம்மா கைநாட்டு அல்ல. எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். கொழுந்து எடுத்த முப்பது வருஷமும் சம்பளம் வாங்கத் தமிழில் கையெழுத்துப் போட்டவர். மருந்து சாப்பிட்டோமா என்பது மறந்துபோகும் இந்த நாளிலும் இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்க மறக்காதவர். அந்தப் புள்ளிக்குக்கூட இடம் தராமல் விரலைப் பிடித்து மையில் அழுத்தியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஸ்கேனில் படம் காட்டி, முன்பு பார்த்த படம் வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்களாம். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே இரத்த ஓட்டம் கூடும். அதை வைத்துத்தான் கணக்கு. சரி. ஆனால் சொன்னது மலையாளத்தில். சந்தையில் விலை பேசும் மலையாளம் அம்மாவுக்குத் தெரியும். தலையைக் கட்டி குழாய்க்குள் தள்ளி, சம்மட்டி அடிப்பதுபோல் இயந்திரம் இரையும்போது காதில் விழும் கட்டளை புரியாது. ‘என்ன சொன்னாங்கன்னு தெரியல, பயத்துல கையை இறுக்கி மூடிக்கிட்டேன்’ என்றார். அமுக்காத பொத்தானை உங்கள் கணினி மறதி என்று எழுதியிருக்குமா, மொழி புரியாதது என்று எழுதியிருக்குமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். புரிகிற மொழியில் ஒப்புதல், தானே முடிவெடுக்க முடியாதவர் என்றால் அவர் சார்பில் குடும்பத்தார் ஒப்புதல், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை, எல்லாம் அதில் இருக்கிறது. பத்தடி தூரத்தில் மகள் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட அவர் சம்மதமில்லாமல் மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் சொன்னது. மலையாளியான நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு அது. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அந்த மரியாதை கிடையாதா? ஸ்கேனிலிருந்து அம்மாவின் பெயரை நீக்கிவிட்டோம், கவலை வேண்டாம் என்றீர்கள். 2019-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 84 பேரின் தலை ஸ்கேனிலிருந்து முகத்தை உருவாக்கி, முகமறியும் மென்பொருளில் கொடுத்துப் பார்த்தார்கள். 70 பேரை அது சரியாக அடையாளம் காட்டிவிட்டது. பெயரை எடுத்தாலும் முகம் அதிலேயே இருக்கிறது. நாளைக்கு அது எந்தக் கம்பெனியின் கைக்குப் போகும், எங்கள் பிள்ளைகளின் இன்சூரன்ஸில், வேலையில் வந்து நிற்குமா என்று யாரிடம் கேட்பது?

இந்த மலையில் எங்களுக்கு இது புதிதல்ல. தேர்தல் வந்தால் தொழிலாளர் வீடுகளான லயத்துச் சுவரெல்லாம் தமிழ். ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து ஒரு விண்ணப்பம் எழுதக்கூட ஆள் தேடி அலைய வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழர்களை ஆய்வில் சேர்ப்பதென்றால் தமிழில் படிவம் கொடுங்கள், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்குங்கள், தமிழில் கையெழுத்து வாங்குங்கள். அம்மாவின் இரண்டாவது ஸ்கேனை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள். அது இதுவரை யார் யாருக்குப் போயிருக்கிறது என்று எழுத்தில் தாருங்கள்.

பதிலைத் தயவுசெய்து தமிழில் அனுப்புங்கள். காலை வேளையில் அம்மா தெளிவாக இருப்பார், அவரே வாசித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
மூணாறு.