யார் சிந்திய இரத்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நெதர்லாந்துப் பயணக் கட்டுரை, டென்ஹாக் நகரின் பீட் ஹெய்ன் தெருவைச் சொல்லுமிடத்தில், அந்தப் பெயருக்குரிய பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்துக் கடற்படைத் தளபதியை 'ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் வெள்ளிக் கப்பல்களைப் பிடித்த மாவீரர்' என்று புகழ்கிறது. நான் வசிப்பது அந்தத் தெருவுக்கு அருகில். வீட்டுச் சாமான்களை அங்கேதான் வாங்குகிறேன். அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

1628 செப்டம்பரில் கியூபாவின் மத்தான்சாஸ் குடாவில் அவர் ஸ்பானியரின் வெள்ளிக் கப்பல்களைப் பிடித்தபோது பெரிய சண்டை நடக்கவில்லை என்பது உண்மைதான். அன்றைய ஒல்லாந்து நாணயத்தில் ஒரு கோடி கில்டருக்கு மேல் பெறுமதியான சரக்கு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. ஆனால் அந்த வெள்ளி கடலில் விளைந்ததா? மெக்சிகோச் சுரங்கங்களில், கட்டாயத்துக்கு உட்பட்ட பழங்குடிகளும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் பாதரச நஞ்சிலும் இருட்டிலும் கிடந்து எடுத்த வெள்ளி அது. அவர்கள் சிந்தியதற்கு உங்கள் கட்டுரையில் கணக்கே இல்லை.

கொள்ளையடித்த பணம் எங்கே போனது என்றும் எழுதியிருக்கலாம். பீட் ஹெய்ன், அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வணிகம் செய்த ஒல்லாந்து மேற்கிந்தியக் கம்பெனியின் ஆள். அந்த வெள்ளியால் வலுப்பெற்ற கம்பெனி 1630 இல் பிரேசிலின் ரெசிஃபேயைப் பிடித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று 1637 இல் ஆப்பிரிக்கக் கரையின் எல்மினா கோட்டையையும் கைப்பற்றி, மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. இத்தனைக்கும் ஸ்பானியக் கப்பலில் நான்கு ஆண்டுகள் துடுப்பு வலித்த அடிமையாக வாடியவர் பீட் ஹெய்ன். அவர் வாழ்க்கையிலேயே மனதை உலுக்குகிற பகுதி அதுதான். நீங்களோ அதை ஒரு 'சாகசம்' என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள்.

என் மகள் சிறுமியாக இருந்தபோது பீட் ஹெய்னைப் புகழும் வெள்ளிக் கப்பல் பாட்டைப் பள்ளியில் படித்துவந்து வீடெல்லாம் பாடினாள். 'அம்மா, அது யாருடைய வெள்ளி?' என்று கேட்டாள். அவளது ஆசிரியையிடம் கேட்டபோது 'ஸ்பானியருடையது' என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. இன்று இந்த நாடே மாறிவிட்டது. 2020 இல் ரோட்டர்டாமின் டெல்ஃப்ஸ்ஹாவனில் உள்ள பீட் ஹெய்ன் சிலைமீது சிவப்பு வண்ணம் பூசினார்கள். 2022 இல் பிரதமரும் 2023 இல் மன்னரும் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார்கள். ஒல்லாந்தரே தலைகுனிந்து பேசும்போது நம் தமிழ் இதழ் மட்டும் இன்னும் மாவீரர் என்று எழுதுகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் இதழுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையும் ஒல்லாந்தர் கட்டடக் கலையை மட்டுமே வியந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது ஆயிரக்கணக்கான தமிழர்களை அது அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. கம்பெனி வேறு, வணிகம் ஒன்றே. இதைக் குறிப்பிட்டு அப்போது நான் எழுதிய கடிதத்தில், பாராட்டிய முதல் பத்தியை மட்டும் பிரசுரித்தீர்கள். வரலாறு அறிந்த நீங்கள் அப்படிச் செய்தது இன்றும் மனதை உறுத்துகிறது.

தெருவின் பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை இந்த ஊர்க்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். படத்துக்குக் கீழே 'டென்ஹாக்கில் பிறந்த பீட் ஹெய்ன்' என்று போட்டிருக்கிறீர்கள். 1577 இல் அவர் பிறந்தது இன்று ரோட்டர்டாமின் பகுதியாக இருக்கும் டெல்ஃப்ஸ்ஹாவனில். அடக்கம் செய்யப்பட்டது டெல்ஃப்ட் பழைய தேவாலயத்தில். இந்தப் பிழையையாவது அடுத்த இதழில் திருத்துங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதானால் முழுவதுமாகப் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
டென்ஹாக், நெதர்லாந்து